சுற்றுச்சூழல் காப்பும் இல்லறத்தார் கடமையும்

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பிக்கப்பட்ட நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பதாகும். எந்தப் பாடமாயினும் மாணவன் தன் வீட்டில் நாள்தோறும் காணும் பொருளில் தொடங்கி, அவன் கண்ணுக்கு எட்டாத உண்மையில் முடிதல் வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்னும் பாடத்தை நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகவே கற்றுக்கொண்டோம். உருகும் பனிமலைகளைப் பற்றியும் அழியும் காடுகளைப் பற்றியும் படித்தோம், வருந்தினோம், புத்தகத்தை மூடினோம். சமையலறையில் ஒழுகும் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஆகவே இப்பாடத்தை நாம் வாழும் திருவல்லிக்கேணியிலிருந்தும், அதிலும் ஒரு வீட்டின் குழாயடியிலிருந்தும் குப்பைக் கூடையிலிருந்தும் தொடங்குவோம். அல்லி மலரும் கேணியை உடைமையால் இவ்வூர் அல்லிக்கேணி எனப் பெயர் பெற்றது. நீரையும் மலரையும் பெயரிலேயே தாங்கிய ஊரில், கோடை வந்தால் குடங்களுடன் வரிசையில் நிற்கிறோம். மழை வந்தால் தெருவில் தேங்கிய நீரைக் கடந்து செல்ல வழி தேடுகிறோம். இவ்விரண்டிற்கும் நம் அன்றாடப் பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போவது.

பயனில் தீங்கு என்பது யாது?

இல்லறத்தார் எல்லா உயிர்களுக்கும் எவ்விதத் தீங்கும் செய்யாது வாழ்தல் இயலாது. அடுப்பு மூட்டினால்தான் உணவு. நீர் இறைத்தால்தான் நீராடல். கீரை ஆய்ந்தால்தான் குழம்பு. இதனை நன்கு உணர்ந்தே அறவோர் துறவியர்க்கு மகாவிரதமும், இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்தனர். ஆனால் அணுவிரதங்களோடு நில்லாது, அவற்றைக் காக்கும் வேலியாகக் குணவிரதங்களையும் வைத்தனர். அவற்றுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். அனர்த்தம் என்பது பயனின்மை. தண்டம் என்பது தீங்கு. நமக்கும் பயனின்றிப் பிறருக்கும் பயனின்றிச் செய்யப்படும் தீங்கை விலக்குதலே இவ்விரதம்.

சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இத்தீங்கை ஐந்து வகையாகப் பகுக்கிறார். அக்கருத்துகளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பும் நம் இல்லங்கள் பலவற்றில் ஓதப்படுவதே. ஐந்தனுள் ஒன்று பிரமாதசரியை. காரணமின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல், வேலையின்றித் திரிதல், பிறரையும் திரியச் செய்தல் ஆகியன இதனுள் அடங்கும். மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களின் உறைவிடமும் உடலும் ஆம் என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற செய்தி. இன்று சுற்றுச்சூழல் நூல்களைத் திறந்தால் அத்தியாயங்களின் தலைப்புகளும் ஏறத்தாழ இவையே. வேலையின்றித் திரிதல் என்பதைப் படிக்கும்போது, தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டரில் செல்லும் நம் வழக்கம் நினைவிற்கு வாராமற் போகாது.

பிரமாதம் என்னும் சொல்லைச் சற்றே நோக்குக. விருந்துண்டு எழுந்தவர், "சாப்பாடு பிரமாதம்" என்று புகழ்கிறார். அச்சொல்லின் மூலப் பொருள் கவனமின்மை என்பதாகும். கவனமின்மையையே சிறப்பிற்கு அடையாளமாக நம் நாவு எப்போது மாற்றிக்கொண்டதோ!

இதிலிருந்து நமக்கு ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. ஒரு செயலைச் செய்யுமுன், "இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று வினவுதல் வேண்டும். சோறு வேகத் தீ எரிவதில் பயன் உண்டு. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்வதில் பயன் யாருக்கு? பல் துலக்கி முடியும் வரை குழாய் திறந்திருப்பதில் பயன் எதற்கு? இவ்வாறு வினவிப் பார்த்தால், நாம் விட வேண்டியவற்றுள் பெரும்பகுதி, விடுவதால் நமக்கு யாதொரு குறையும் நேராதவை என்பது விளங்கும். துறவு பூண்டோரே செய்யத்தக்க அரிய தியாகம் எதனையும் இப்பாடம் நம்மிடம் கேட்கவில்லை.

நீரின் கணக்கு

ஒழுகும் குழாயிலிருந்து நொடிக்கு ஒரு துளி விழுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆகவே 86,400 துளிகள். சுமார் 20 துளிகள் சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். எனின், ஒரு நாளில் வீணாவது 4 லிட்டருக்கு மேல். ஓராண்டில் 1,500 லிட்டருக்கு மேல். குழாயில் இடும் ஒரு சிறு ரப்பர் வட்டின் விலை சில ரூபாய்கள். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புக் குழந்தை தானே போட்டுப் பார்த்தால், அறிவுரை கூற வேண்டிய தேவை நமக்கு இராது. அக்குழந்தையே நமக்கு அறிவுரை கூறும்.

இனி, வரும் நீரின் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையில் ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லி மீட்டர். 50 சதுர மீட்டர், அதாவது சுமார் 540 சதுர அடி கொண்ட ஒரு மொட்டை மாடியில் ஓராண்டில் விழும் நீர் 70,000 லிட்டர். அதில் பாதியே மண்ணுக்குள் இறங்கினாலும் 35,000 லிட்டர் ஆகும்.

2003ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. நாடே வியந்து நோக்கிய சட்டம் அது. அப்போது நம் வீட்டிலும் அவ்வமைப்பு ஏற்பட்டது. எவ்வாறு ஏற்பட்டது என்பதை மறையாது கூறுதல் கடமை. வந்து பார்ப்பவர்க்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே ஒரு குழி தோண்டி, உடைந்த செங்கற்களை இட்டு, மாடியிலிருந்து ஒரு குழாயை அதன் அருகே கொண்டுவந்து நிறுத்தினோம். இரண்டு மழைக்காலங்களுக்குப் பின் குழாயின் முழங்கை கழன்றது. குழி மண்ணால் அடைந்தது. அதன்மேல் ஒரு துளசித் தொட்டி வைக்கப்பட்டது. ஒவ்வோர் ஐப்பசியிலும் மாடி நீர் முழுவதும் தெருவில் பாய்ந்ததை நாம் தினமும் கண்டோம், கண்டும் காணாதிருந்தோம்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றின. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. 50 தொட்டிப் பெட்டிகள். ஒரு முறைக்கு 25 லட்சம் லிட்டர். அவ்வண்டியின் படத்தைச் செய்தித்தாளில் கண்டபோது நமக்கு மேற்கூறிய கணக்கே நினைவிற்கு வந்தது. வீட்டிற்கு 35,000 லிட்டர் வீதம் 72 வீடுகள் மழைநீரை மண்ணுக்குள் இறக்கினால் 25 லட்சம் லிட்டரைத் தாண்டும். 72 வீடுகள் என்பது நம் பேட்டையில் ஒரு தெருவே. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஒரு புகைவண்டி சுமந்து வந்த நீர், ஒரு தெருவின் மாடிகளிலிருந்து ஓராண்டில் நாம் வடிகாலுக்கு விட்ட நீரினும் மிகுந்ததன்று.

திருவல்லிக்கேணி போன்ற கடலோரப் பகுதியில் இதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரை இறைத்துக்கொண்டே இருந்து, திரும்பச் சேர்க்காவிடில், கடல்நீர் அவ்விடத்தை நோக்கி உள்ளே நகர்கிறது. அக்கோடையில் நம் வீட்டுக் கிணற்று நீர் வாயில் வைக்க இயலாதவாறு கரித்தது. ஆவணியில் துளசித் தொட்டியை நகர்த்தினோம். குழியைத் தூர் வாரி, கூழாங்கல்லும் மணலும் இட்டு, குழாயைப் பொருத்தினோம். செலவு, இரண்டு மாதம் லாரி நீருக்கு நாம் கொடுத்த தொகையினும் குறைவு. இன்றும் கரிப்பு முற்றும் நீங்கவில்லை; ஆயினும் குறைந்துள்ளது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த குழி ஒரே மழையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்த்தல் முறையன்று.

நீரை வடிகட்டி அருந்தும் வழக்கத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கிணற்று நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிய நம் பாட்டிமார், துணியில் தங்கிய சிற்றுயிர்கள் மடியாவண்ணம் அத்துணியை நீரில் அலசி, அந்நீரை மீண்டும் அதே கிணற்றில் சேர்ப்பித்தனர். எடுத்ததை எடுத்த இடத்திற்கே திரும்பச் சேர்த்தல் என்னும் பெருநெறி அச்சிறு செயலில் இருந்தது. இன்று பல இல்லங்களில் மின்சாரத்தால் இயங்கும் சுத்திகரிப்புக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுள் பல, ஒரு லிட்டர் குடிநீர் தருவதற்கு அதனினும் மிகுந்த அளவு நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அந்நீரை ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் உதவும். வாளி வைப்பதே இங்கு விரதம்.

எறிந்த பொருள் எங்கே போகிறது?

நீரைப் போலவே குப்பையிலும், கண்ணிற்கு மறைந்தது இல்லாமற் போயிற்று என்று எண்ணுவதே நம் பிழை. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று உத்சர்க்க சமிதி. கழிக்க வேண்டியதையும், உயிர்கள் இல்லாத இடம் நோக்கி, பிறருக்கு இடரின்றிக் கழித்தல் அதன் பொருள். ஒன்றை விட்டுவிட்ட பின்னும் அது விழுமிடத்திற்கு நாமே பொறுப்பு என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. இதனை நூலில் படித்திருந்தும் நாம் உணர்ந்தது ஒரு காலை வேளையில்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தது. சில்லுகளைத் திரட்டி, ஒரு பாலித்தீன் உறையில் இட்டு, காய்கறித் தோலும் பழைய சோறும் இருந்த கூடையிலேயே போட்டோம். மறுநாள் குப்பை வண்டியுடன் வந்த அம்மையார், உறைகளைப் பிரிக்கையில் அவருடைய உள்ளங்கை கிழிந்தது. நாம் ஓடிச் சென்று மஞ்சளும் துணியும் கொண்டுவந்து கட்டினோம். பின்னர் ஊசி போடவும் அழைத்துச் சென்றோம். அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "கண்ணாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பார்த்து எடுத்திருப்பேம்மா" என்றார். அவ்வளவே.

எறும்பு மிதிபடும் என்று பார்த்து நடக்கும் நாம், நம் கூடையைத் திறக்கும் கை ஒன்று உண்டு என்பதை எண்ணவில்லை. அத்தீங்கினால் நமக்கு ஒரு பயனும் இல்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். பிரமாதசரியை என்பதற்கு நாம் மாணவர்க்கு வேறு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் சொல்லியிருக்கக்கூடும். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

2016ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் கேடு விளைக்கும் பொருள்கள் என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. பிரித்தல் ஏன் அவசியம்? சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கொட்டப்பட்டு மலையாயிற்று. பெருங்குடிக் குப்பைமேடு, பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியையே மூடி எழுந்தது. நம் நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையிலிருந்து செல்லும் மக்கும் பொருள். அது தனியே சென்றால் உரம். பிளாஸ்டிக் உறையில் முடிச்சிடப்பட்டுக் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் என்னும் எரிவளி. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே நிலம், ஒரே ஆண்டு, ஒரு பக்கம் பெருமை, மறு பக்கம் புகை.

வண்டியில் சேராமல் தெருவில் விழும் உறையின் பயணம் வேறு. அது மழைநீர் வடிகாலில் இறங்கி, நம் பேட்டைக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அக்கால்வாய்ப் பகுதி, 1877-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு வெட்டப்பட்டது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. பசித்த கைகள் வெட்டிய வாய்க்காலை, உண்டு நிறைந்த நாம் தூர்த்துக்கொண்டிருக்கிறோம். அதையும் கடந்து கடலில் சேரும் உறை, நீரில் மிதக்கையில் ஆமைகளுக்கு இழுதுமீன் போலத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் தை, மாசித் திங்களில் நம் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் இவ்வாபத்தையும் கடந்தே வருகின்றன.

2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகள், தட்டுகள், குவளைகள், உறிஞ்சு குழல்கள் முதலியன தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. நம் தலைமுறைக்கு மஞ்சள் பை புதிதன்று. 1904ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கத்தின் கடைக்குச் சிறுமியராய் நாம் சென்றபோது, பையின்றிச் சென்றால் பொருளின்றித்தான் திரும்ப வேண்டும். எண்ணெய்க்குத் தூக்கு, அரிசிக்குப் பை, மற்றவற்றிற்குத் தாள் பொட்டலம். சட்டம் வந்தும் உறை ஒழியவில்லை எனில், கடைக்காரர் கொடுப்பதால் மட்டும் அன்று. நாம் வெறுங்கையோடு செல்வதாலும் ஆகும்.

நம் விழாக்கள்

இனிக் கூறப்போவது சிலர்க்கு மனவருத்தம் தரலாம். ஆயினும் நம்மவர் இதழில் நம்மவரிடம் கூறாது வேறு யாரிடம் கூறுவது? மாலை மங்குமுன் உண்டு முடிக்கிறோம், கிழங்கை விலக்குகிறோம். ஆனால் நம் இல்ல விழாக்களில் இலைக்கு ஒரு சிறு தண்ணீர் பாட்டில் வைக்கிறோம். அண்மையில் ஒரு விழா முடிந்தபின், மண்டபத்தில் கிடந்த பாட்டில்களைப் பேரக்குழந்தைகளுடன் எண்ணத் தொடங்கினோம். நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டோம். பலவற்றில் பாதிக்கு மேல் நீர் இருந்தது. வடிகட்டி அருந்தும் வழக்கமுடைய சமுதாயம், திறந்து இரண்டு மிடறு அருந்திய நீரைப் பாட்டிலோடு எறிகிறது.

பந்தியில் நீர்க்குவளையும் செம்புமாகப் பரிமாறும் வழக்கம் இன்னும் மறந்து போகவில்லை. தாம்பூலப் பையைத் துணிப்பையாகத் தருவோர் பெருகி வருகின்றனர், அது போற்றத்தக்கது. பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் குடும்பத்துடன் செல்வோர், ஆளுக்கொரு நீர்ப்புட்டியும் தட்டும் எடுத்துச் செல்லலாம். மலையில் நாம் விட்டுவரும் உறை, மழைக்குக் கீழிறங்கி, அடிவாரத்து ஏரியிலும் மாட்டின் வயிற்றிலும் சேரும். தரிசனத்தால் ஈட்டிய புண்ணியத்தை அடிவாரத்திலேயே செலவழித்து வருதல் வேண்டா.

சில ஐயங்களும் விடைகளும்

"நான் ஒருவன் திருந்துவதால் என்ன ஆகும்?" என்பது முதல் ஐயம். 1989ஆம் ஆண்டில் நம் சென்னையில் எம்.பி. நிர்மல் அவர்கள் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு தெருவார் கூடி, மாதந்தோறும் சிறு தொகை அளித்து, மூன்று சக்கர வண்டியுடன் ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பையைப் பெறச் செய்தனர். அப்பணியாளரைத் தெருவை அழகுபடுத்துபவர் என்றே அழைத்தனர். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்த அந்நாளில், ஒரு தெருவின் முயற்சி பல தெருக்களுக்குப் பரவியது. வீட்டுக்கு வீடு வந்து குப்பை பெறுதல் இன்று மாநகராட்சியின் அன்றாடப் பணியாகிவிட்டது. யாரோ ஒருவர் தம் தெருவில் தொடங்கியது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

"பெரிய ஆலைகள் செய்யும் கேட்டின் முன் நம் வீட்டுக் குழாய் எம்மாத்திரம்?" என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வு கெட்டதற்கு எந்த வீட்டுச் சமையலறையும் காரணமன்று. அத்தகையவற்றைத் தட்டிக் கேட்பதும், சட்டத்தை நிறைவேற்றுமாறு அரசை வற்புறுத்துவதும் குடிமக்கள் கடமையே. ஆனால் பிறர் செய்யும் பெருந்தீங்கு, நாம் செய்யும் சிறுதீங்கைப் பயனுள்ளதாக்கிவிடாது. வினை செய்தவனையே சேரும் என்பது நம் கொள்கையின் அடித்தளம். மேலும், தன் வாசலைத் தூய்மையாக வைத்திருப்பவர் கேட்கும் கேள்விக்கே வலிமை மிகுதி.

மூன்றாவது ஐயம் நம்மவர்க்கே உரியது. மூத்தோர் ஒருவர் நம்மிடம், "குப்பையை வீட்டில் மக்கவைத்தால் புழு தோன்றும்; கிளறினால் மடியும்; அது ஹிம்சையன்றோ?" என வினவினார். நல்ல வினா. வெளியே அனுப்பினாலும் அப்பொருள் அழுகவே செய்யும், அங்கே புழுவும் தோன்றும், இயந்திரம் புரட்டும், தீயும் பற்றும். கண்ணுக்கு அப்பால் நடப்பதால் அது நம் வினை அன்று என்றாகாது. ஆதலால் முதற்கடமை, குப்பை தோன்றாமலே பார்த்துக்கொள்ளுதல். அளந்து சமைத்தல், இலையில் மீதம் வையாமை, தோலையும் காம்பையும் துவையலுக்குப் பயன்படுத்துதல் ஆகியன முதற்படி. எஞ்சியதை நீர் வடித்து, உலர்ந்த சருகுடன் கலந்து காற்றோட்டமான மண்தொட்டியில் இட்டால் அழுகலும் புழுவும் பெரிதும் குறையும். அதற்கும் மனம் ஒப்பாதோர், மக்கும் குப்பையைப் பிளாஸ்டிக் உறையின்றித் தனியே வண்டியில் கொடுத்தலே போதும். குறைந்த தீங்கைத் தேர்தல் இல்லறத்தார் நெறி.

ஏழு நாள் பயிற்சி

எந்தப் பாடமும் பயிற்சியின்றி நிறைவுறாது. இல்லத்துக் குழந்தைகளையும் உடன் வைத்துக்கொண்டு பின்வருமாறு செய்க.

முதல் நாள்: வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் பார்வையிட்டு, ஒழுகுவனவற்றின் துளிகளை ஒரு நிமிடம் எண்ணி, ஆண்டுக் கணக்கைக் குழந்தையைக் கொண்டே போடச் செய்க.

இரண்டாம் நாள்: மாடிக்குச் சென்று மழைநீர்க் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர்க. குழியின்மேல் என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் காண்க.

மூன்றாம் நாள்: எறியும் ஒவ்வொரு பொருளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது நமக்கு எத்தனை நிமிடம் பயன்பட்டது என்று எதிரே குறிக்க.

நான்காம் நாள்: கூடையை இரண்டாகப் பிரிக்க. மருந்து, மின்கலம், ஊசி, கண்ணாடி ஆகியவற்றிற்குத் தனியே ஒரு பெட்டி வைக்க.

ஐந்தாம் நாள்: வாசற்கதவின் ஆணியில் ஒரு துணிப்பையை மாட்டுக. மறந்து சென்றால் திரும்பி வந்து எடுத்துச் செல்க. இருமுறை திரும்பினால் மூன்றாம் முறை மறவாது.

ஆறாம் நாள்: ஆளில்லாத இடத்தில் எரியும் விளக்கையும் சுழலும் விசிறியையும் நிறுத்துவோர் யார் என்று குடும்பத்தாருள் முறை வைக்க. அருகில் உள்ள இடங்களுக்கு நடந்தே செல்க.

ஏழாம் நாள்: மாலையில் அன்றைய குற்றங்களை நினைந்து வருந்தும் வேளையில், "இன்று பயனின்றி நான் செய்த தீங்கு யாது?" என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்க. இவ்வொன்றை மட்டும் ஏழு நாளோடு நிறுத்த வேண்டா.

நம் வீட்டுக் குறிப்பேட்டின் மூன்றாம் நாள் பக்கத்தில், "காப்பித்தூள் உறை, வாங்கிய கடையிலிருந்து வீடு வரை, 4 நிமிடம்" என்று பேத்தி எழுதியிருக்கிறாள். அதன் கீழே, அவள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்ததாயினும், நாம் சொல்லக் கேட்டு எழுதிய ஒரு வரியும் உண்டு: "கண்ணாடி உடைந்தால் தாளில் சுற்றி, கையில் கொடுத்து, கண்ணாடி என்று வாயால் சொல்ல வேண்டும்." அவ்வம்மையார் இன்றும் நம் தெருவிற்கு வருகிறார். அவர் கையில் அத்தழும்பு இருக்கிறது. நாம் கற்க வேண்டிய பாடத்தை நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு வாசலில் காண்கிறோம்.